அளந்து பார்த்தால் போதாதா? பள்ளி வடிவியலில் நிரூபணம்

ஒன்பதாம் வகுப்பில் நாற்பது மாணவர்களிடம் ஆளுக்கொரு முக்கோணம் வரைந்து, அதன் மூன்று கோணங்களையும் கோணமானியால் அளந்து கூட்டச் சொன்னால், நோட்டில் பெரும்பாலும் 180 பாகை என்றுதான் இருக்கும். நேர்மையாக அளந்தவர்களின் நோட்டில் 179 இருக்கும், 181 இருக்கும், கோணமானியின் மையத்தை உச்சியில் சரியாகப் பொருத்தாதவரிடம் 177 கூட இருக்கும். விடை என்னவாக வரவேண்டும் என்று முன்பே தெரிந்தவர்கள், மூன்றாவது கோணத்தை அளக்காமலேயே 180-இலிருந்து கழித்து எழுதியிருப்பார்கள். வடிவியல் எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்ட இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 179-உம் 181-உம் ஏன் பிழை என்கிறோம்? 180 என்பது மட்டும் எப்படிச் சரியாயிற்று? கோணமானி அதைச் சொல்லவில்லை என்பது நாற்பது நோட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பென்சில் கோட்டுக்குத் தடிமன் உண்டு, கருவிக்கு நுணுக்க எல்லை உண்டு என்பதால் அளவில் பிழை வருகிறது. இது முதல் குறை. இரண்டாவது குறை இன்னும் பெரியது. பிழையே இல்லாத கோணமானி ஒன்று கிடைத்தாலும், நாம் அளந்தது நாற்பது முக்கோணங்களைத்தான். நாற்பதாயிரத்தை அளந்தாலும், அளக்காமல் விட்ட முக்கோணங்கள் எண்ணற்றவையாகவே இருக்கும். 'எந்த முக்கோணத்திலும்' என்று தொடங்கும் ஒரு கூற்றை அளவீட்டால் எட்டிப் பிடிக்க முடியாது. அந்த 'எந்த' என்ற சொல்லுக்குப் பொறுப்பேற்கும் வாதத்தைத்தான் நிரூபணம் என்கிறோம்.

கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாமே என்று நினைப்பவர்களுக்குப் பழைய புதிர் ஒன்று உண்டு. கட்டம்போட்ட தாளில் 8 செ.மீ. பக்கமுள்ள சதுரம் ஒன்றை வெட்டி எடுங்கள். பரப்பு 64 சதுர செ.மீ. அதை 3-க்கு 8, 5-க்கு 8 என இரண்டு செவ்வகங்களாக வெட்டுங்கள். சிறிய செவ்வகத்தை மூலைவிட்டத்தின் வழியே வெட்டினால் இரண்டு செங்கோண முக்கோணங்கள் கிடைக்கும். பெரிய செவ்வகத்தின் நீளமான ஒரு பக்கத்தில் இடப்புறமிருந்து 3 செ.மீ. தொலைவிலும், எதிர்ப்பக்கத்தில் இடப்புறமிருந்து 5 செ.மீ. தொலைவிலும் புள்ளி வைத்து, இரண்டையும் இணைத்து வெட்டினால் இரண்டு சரிவகங்கள் கிடைக்கும். இந்த நான்கு துண்டுகளையும் இடம் மாற்றி அடுக்கினால் 5-க்கு 13 என்ற செவ்வகம் அமைந்துவிடும். அதன் பரப்போ 65. ஒரு சதுர செ.மீ. எங்கிருந்து வந்தது?

எங்கிருந்தும் வரவில்லை. முக்கோணத்தின் சாய்ந்த பக்கம் 8-க்கு 3 என்ற விகிதத்தில் ஏறுகிறது, அதாவது 0.375. சரிவகத்தின் சாய்ந்த பக்கம் 5-க்கு 2 என்ற விகிதத்தில் ஏறுகிறது, அதாவது 0.4. ஆகவே புதிய செவ்வகத்தின் மூலைவிட்டம் போலத் தோன்றுவது ஒரே நேர்க்கோடு அல்ல. அங்கே ஊசிபோல மெலிந்த இணைகரம் ஒன்று இடைவெளியாகத் திறந்திருக்கிறது, அதன் பரப்புத்தான் அந்த ஒரு சதுர செ.மீ. கத்தரிக்கோல் வெட்டின் பிசிறு அதை மறைத்துவிடுகிறது. படம் பொய் சொல்லும் என்பதை நான் மாணவர்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை. இந்த நான்கு துண்டுகளை மேசைமேல் வைத்துவிட்டால் போதும்.

இப்போது முக்கோணத்துக்கு வருவோம். பாடநூல்கள் உச்சிகளுக்கு ஆங்கில எழுத்துகளை இடும்; இங்கே க, ச, த என்று வைத்துக்கொள்கிறேன். முக்கோணம் கசத-வில் சத என்பது அடிப்பக்கம். உச்சி க வழியாக, அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரைகிறோம். அந்தக் கோட்டின்மேல் க என்ற இடத்தில் மூன்று கோணங்கள் பக்கம்பக்கமாக அமைந்திருப்பதைப் பாருங்கள்: இடப்புறம் ஒன்று, நடுவில் முக்கோணத்தின் உச்சிக் கோணம், வலப்புறம் ஒன்று. இணைகோடுகளை வெட்டும் குறுக்குவெட்டி உண்டாக்கும் ஒன்றுவிட்ட உட்கோணங்கள் (இரு கோடுகளுக்கும் இடையே, குறுக்குவெட்டியின் எதிரெதிர்ப் புறங்களில் அமைபவை) சமம் என்பதால், இடப்புறக் கோணம் ச-விலுள்ள கோணத்துக்குச் சமம். அதே காரணத்தால் வலப்புறக் கோணம் த-விலுள்ள கோணத்துக்குச் சமம். மூன்றும் சேர்ந்து ஒரு நேர்க்கோணம். எனவே முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை.

இந்த வாதத்தில் முக்கோணத்தின் ஒரு பக்கத்தின் அளவுகூட எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது கூர்ங்கோண முக்கோணமா, விரிகோண முக்கோணமா, கடுகளவா, கடலளவா என்று நாம் கேட்கவே இல்லை. கேட்காமல் விட்ட அந்தக் காரணத்தால்தான் முடிவு எல்லா முக்கோணங்களுக்கும் பொருந்துகிறது. வரைந்த படம் ஒரே ஒரு முக்கோணத்தின் படம். வாதம் மட்டுமே எல்லாவற்றையும் பற்றியது.

ஆனால் வாதத்தின் நடுவே ஒரு வரியை அப்படியே நம்பிக் கடந்துவிட்டோம். ஒன்றுவிட்ட உட்கோணங்கள் ஏன் சமமாக இருக்க வேண்டும்? அதற்கும் ஒரு காரணம் சொன்னால், அந்தக் காரணத்துக்குக் காரணம் என்ன? சிறு பிள்ளைகள் 'ஏன், ஏன்' என்று கேட்டுக்கொண்டே போவதுபோல இது முடிவில்லாமல் நீளக்கூடியது. எங்கோ ஓரிடத்தில் நின்று, 'இதை நிரூபிக்கவில்லை, ஒப்புக்கொண்டு தொடங்குகிறோம்' என்று சொல்லியாக வேண்டும். அப்படி ஒப்புக்கொண்டு தொடங்கும் கூற்றுகளுக்கு எடுகோள்கள் என்று பெயர். கி.மு. 300 வாக்கில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த யூக்ளிட், தம்முடைய 'மூலங்கள்' என்ற 13 பாகங்கள் கொண்ட நூலை ஐந்து எடுகோள்களில் தொடங்கினார். இரு புள்ளிகளை ஒரு நேர்க்கோட்டால் இணைக்கலாம்; நேர்க்கோட்டுத் துண்டை இருபுறமும் நீட்டலாம்; எந்தப் புள்ளியை மையமாகக் கொண்டும் எந்த ஆரத்திலும் வட்டம் வரையலாம்; செங்கோணங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று சமம். இந்த நான்கையும் எவரும் மறுக்கமாட்டார்கள். ஐந்தாவதுதான் நீளமானது. அதைப் பள்ளிகளில் எளிதாக்கி, 'ஒரு கோட்டின்மேல் அமையாத ஒரு புள்ளி வழியே அக்கோட்டுக்கு இணையாக ஒரே ஒரு கோடுதான் வரைய முடியும்' என்று சொல்கிறோம். நாம் மேலே ஒன்றுவிட்ட கோணங்களைச் சமம் என்றபோது நம் காலடியில் இருந்தது இந்த ஐந்தாவது எடுகோள்தான்.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பந்து போதும். பூமி உருண்டையின் வடதுருவத்திலிருந்து கிரீன்விச் தீர்க்கரேகை வழியே நிலநடுக்கோடு வரை இறங்குங்கள். அங்கிருந்து நிலநடுக்கோட்டின்மேல் கிழக்கே 90 பாகை செல்லுங்கள். பிறகு நேராக வடதுருவத்துக்கு ஏறுங்கள். மூன்று திருப்பங்களிலும் செங்கோணம். கூடுதல் 270 பாகை. உருண்டைப் பரப்பில் நேர்க்கோட்டின் இடத்தில் இருப்பவை பெருவட்டங்கள், அதாவது உருண்டையின் மையத்தையே தம் மையமாகக் கொண்ட வட்டங்கள். எந்த இரண்டு பெருவட்டங்களும் வெட்டிக்கொள்ளும் என்பதால் அங்கே இணைகோடுகளே கிடையாது. நம் நிரூபணத்தின் முதல் வரியான 'இணையாக ஒரு கோடு வரைகிறோம்' என்பதே அங்கே செல்லாது. ஐந்தாவது எடுகோளை மற்ற நான்கிலிருந்து நிரூபித்துவிட முடியுமா என்று இரண்டாயிரம் ஆண்டுகள் முயன்றார்கள். 1829-இல் ரஷ்யாவின் லோபச்செவ்ஸ்கியும் 1832-இல் ஹங்கேரியின் போல்யாயும், அதை மாற்றி வைத்துக்கொண்டும் முரண்படாத வடிவியல் ஒன்றைக் கட்டலாம் என்று வெளியிட்ட பிறகுதான் அந்த முயற்சிகள் ஓய்ந்தன. எனவே 180 என்ற எண் தட்டையான தளத்துக்கு உரியது; பாடநூல் இதைச் சொல்லாவிட்டாலும் மாணவர் தெரிந்துகொள்வது நல்லது என்பது என் கருத்து.

இனி கீழிறங்கிய படிகளில் மேலேறிப் பார்க்கலாம். இரண்டு பக்கங்கள் சமமாக உள்ள முக்கோணத்தில், அப்பக்கங்களுக்கு எதிரேயுள்ள கோணங்களும் சமம். இதை யூக்ளிட் சற்று நீளமாகவே நிரூபித்தார். இடைக்கால ஐரோப்பாவில் பல மாணவர்கள் இந்த இடத்தில் தடுமாறியதால் அதற்குக் 'கழுதைப் பாலம்' என்று பெயர் விழுந்தது. அவருக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து அதே அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பாப்பஸ் சொன்ன வழி மிகவும் அழகானது. அட்டையில் வெட்டிய இருசமபக்க முக்கோணத்தை அப்படியே புரட்டிப் போடுங்கள். இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேலும், வலப்பக்கம் இடப்பக்கத்தின் மேலும் பொருந்துகின்றன, இடையிலுள்ள கோணம் அதேதான். பக்கம்-கோணம்-பக்கம் என்ற விதிப்படி முக்கோணம் தன்னுடைய புரட்டிய வடிவத்துடன் சர்வசமம், அதாவது வடிவிலும் அளவிலும் ஒன்றே. ஆகவே அடிக்கோணங்கள் சமம்.

இப்போது கையில் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. இவ்விரண்டையும் கொண்டு, படத்தைப் பார்த்து எவரும் எளிதில் ஊகிக்க முடியாத ஒன்றை நிறுவலாம். ம என்பது வட்டத்தின் மையம், கச என்பது விட்டம், த என்பது வட்டத்தின்மேல் வேறு ஏதேனும் ஒரு புள்ளி. த-வை க-வுடனும் ச-வுடனும் இணைத்தால், த-வில் உண்டாகும் கோணம் எப்போதும் செங்கோணம். த-வை வட்டத்தின்மேல் எங்கே நகர்த்தினாலும் அது மாறாது. ஏன்? மையத்திலிருந்து த-வுக்கு ஒரு கோடு போடுங்கள். மக, மச, மத மூன்றும் ஆரங்கள், எனவே சமம். பெரிய முக்கோணம் இரண்டு இருசமபக்க முக்கோணங்களாகப் பிரிந்துவிட்டது. க-விலுள்ள கோணத்தை அ என்று கொண்டால், த-வின் ஒரு பகுதியும் அ. ச-விலுள்ள கோணத்தை இ என்று கொண்டால், த-வின் மறுபகுதியும் இ. மொத்தக் கூடுதல் அ + அ + இ + இ = 180. பாதியாக்கினால் அ + இ = 90. த-விலுள்ள கோணம் அதுவேதான்.

மையத்தையும் த-வையும் இணைக்கும் அந்த ஒற்றைக் கோடுதான் இந்த நிரூபணத்தின் உயிர். வினாவில் அது கொடுக்கப்படவில்லை, நாமாகப் போட்டது. நிரூபணம் எழுதும்போது 'அமைப்பு' என்ற தலைப்பின் கீழ் வருவது இத்தகைய கோடுகள்தான். இந்தத் தேற்றத்தை கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தேல்ஸ் பெயரால் பல நாடுகளில் அழைக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு மாணவருக்கோ தேல்ஸ் தேற்றம் என்றால் அடிப்படை விகிதசமத் தேற்றம்: முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு இணையான கோடு மற்ற இரு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் பிரிக்கும் என்பது. இரண்டும் வெவ்வேறானவை என்பதை இணையத்தில் காணொளி தேடும் முன் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் குழப்பமே மிஞ்சும்.

சர்வசம விதிகளைப் பெரும்பாலானோர் ப-ப-ப, ப-கோ-ப, கோ-ப-கோ, செ-க-ப என்று மந்திரம்போல ஒப்பித்துவிடுகிறார்கள் (ப பக்கம், கோ கோணம், செ செங்கோணம், க கர்ணம்). ஏன் ப-ப-கோ அந்தப் பட்டியலில் இல்லை என்று கேட்டால் அமைதி நிலவும். கவராயத்தை எடுத்துச் சோதித்துவிடலாம். ஒரு கோடு வரைந்து, அதன் ஒரு முனையில் 30 பாகைக் கோணம் அமையுங்கள். சாய்ந்த கதிரின்மேல் 8 செ.மீ. தொலைவில் ஒரு புள்ளி வையுங்கள். அப்புள்ளியை மையமாகக் கொண்டு 5 செ.மீ. ஆரத்தில் வில் வரைந்தால், அது அடிக்கோட்டை இரண்டு இடங்களில் வெட்டும்: ஒன்று முனையிலிருந்து சுமார் 3.9 செ.மீ. தொலைவில், மற்றொன்று சுமார் 9.9 செ.மீ. தொலைவில். 30 பாகை, 8 செ.மீ., 5 செ.மீ. என்ற அதே விவரங்களுக்கு இரண்டு முக்கோணங்கள் கிடைக்கின்றன. அவை சர்வசமம் அல்ல. ஒரு விதியைப் பொய்யென்று காட்ட இப்படி ஒரே ஒரு எதிர்எடுத்துக்காட்டு போதும். மெய்யென்று காட்டவோ ஆயிரம் எடுத்துக்காட்டும் போதாது.

அடுத்த சறுக்கல், தேற்றத்தையும் அதன் மறுதலையையும் ஒன்றாக எண்ணுவது. செங்கோண முக்கோணத்தில் கர்ணத்தின் வர்க்கம் மற்ற இரு பக்கங்களின் வர்க்கங்களின் கூடுதலுக்குச் சமம் என்பது பிதாகரஸ் தேற்றம். வீட்டுக்குக் கடைக்கால் போடும் கொத்தனார், முளையடித்துக் கயிறு கட்டி, ஒரு கயிற்றில் 3 அடியும் மற்றதில் 4 அடியும் குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று டேப்பால் பார்க்கிறார். வந்தால் மூலை சரி. வராவிட்டால் முளையை நகர்த்துகிறார். அவர் பயன்படுத்துவது பிதாகரஸ் தேற்றத்தை என்று நாம் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அவருக்கு வேண்டியது மறுதலை: பக்கங்கள் அவ்வாறு அமைந்தால் கோணம் செங்கோணம்தான் என்பது. 'மழை பெய்தால் தெரு நனையும்' என்பது மெய்யானாலும், 'தெரு நனைந்திருந்தால் மழை பெய்தது' என்பது மெய்யாக வேண்டியதில்லை. தண்ணீர் லாரி போயிருக்கலாம். ஆகவே மறுதலைக்குத் தனி நிரூபணம் தேவை. யூக்ளிட் முதல் பாகத்தின் 47ஆம் கூற்றாகத் தேற்றத்தையும் 48ஆம் கூற்றாக மறுதலையையும் தனித்தனியே நிரூபித்தது இதனால்தான். அந்த நிரூபணமும் சிறியது. 3, 4 ஆகிய பக்கங்களுக்கு இடையே செங்கோணம் வைத்துத் தனியாக ஒரு முக்கோணம் வரையுங்கள். தேற்றத்தின்படி அதன் கர்ணம் 5. கொத்தனாரின் முக்கோணத்துக்கும் பக்கங்கள் 3, 4, 5. ப-ப-ப விதிப்படி இரண்டும் சர்வசமம்; ஆகவே அவருடைய மூலையும் செங்கோணம்.

தேர்வைப் பற்றி ஒரு சொல். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண் வினா உண்டு என்பதால், பலர் கவராயப் பயிற்சியோடு வடிவியலை முடித்துக்கொள்கிறார்கள். தேற்றங்களை வரிவரியாக மனப்பாடம் செய்பவர்களிடம் முக்கோணத்தின் பெயரை ஏபிசி என்பதிலிருந்து பிக்யூஆர் என்று மாற்றிக் கொடுத்தால் பேனா நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். செய்முறையும் தேற்றமும் தனித்தனிப் பாடங்கள் அல்ல. கவராயத்தால் ஒரு கோணத்தை இருசமமாக்கும்போது, உச்சியிலிருந்து ஒரே ஆரத்தில் இரண்டு கதிர்களையும் வெட்டுகிறோம். அவ்விரு வெட்டுப்புள்ளிகளிலிருந்து மீண்டும் ஒரே ஆரத்தில் வில்கள் வரைகிறோம். இரண்டு சம நீளங்களும் ஒரு பொதுப் பக்கமும் சேர்ந்து ப-ப-ப ஆகிவிடுகின்றன. கை செய்வது ஒரு நிரூபணத்தைத்தான்.

நிரூபணத்தை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திகைப்பவர்களுக்கு, நிரூபிக்க வேண்டியதிலிருந்து பின்னோக்கி நடக்கச் சொல்வேன். எடுத்துக்காட்டாக, ஏதேனும் ஒரு நாற்கரம் வரையுங்கள். எவ்வளவு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் வரிசையாக இணைத்தால் ஓர் இணைகரம் வரும் என்று நிரூபிக்க வேண்டும். பிரான்சின் வாரினோன் பெயரால் வழங்கும் இந்த முடிவு 1731-இல் அச்சில் வந்தது. இணைகரம் என்று காட்ட என்ன தேவை? எதிரெதிரான ஒரு சோடிப் பக்கங்கள் சமமாகவும் இணையாகவும் இருந்தால் போதும். இணையென்று காட்ட என்ன தேவை? இரண்டும் வேறொரு கோட்டுக்கு இணையாக இருந்தால் போதும். படத்தில் அப்படி ஒரு கோடு இல்லையே? அப்படியானால் நாம்தான் போட வேண்டும். நடுப்புள்ளிகள் என்ற சொல் எந்தத் தேற்றத்தை நினைவூட்டுகிறது? முக்கோணத்தின் இரு பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைக்கும் கோடு மூன்றாம் பக்கத்துக்கு இணையாகவும் அதில் பாதியாகவும் இருக்கும் என்பதை. முக்கோணம் எங்கே? நாற்கரத்துக்கு ஒரு மூலைவிட்டம் போட்டால் இரண்டு கிடைக்கின்றன.

இனி முன்னோக்கி எழுதலாம். மூலைவிட்டத்தின் ஒருபுற முக்கோணத்தில், நடுப்புள்ளிகளை இணைக்கும் கோடு மூலைவிட்டத்துக்கு இணை, அதில் பாதி. மறுபுற முக்கோணத்திலும் அவ்வாறே. எனவே அவ்விரு கோடுகளும் ஒன்றுக்கொன்று இணை, ஒன்றுக்கொன்று சமம். ஆகவே கிடைத்த வடிவம் இணைகரம். முடித்த பிறகு, ஒரு மூலை உள்ளே குழிந்த நாற்கரம் ஒன்றை வரைந்து, குழிந்த மூலையையும் அதன் எதிர்மூலையையும் இணைக்கும் மூலைவிட்டத்தைப் போட்டு, இந்த நான்கு வாக்கியங்களை மீண்டும் படித்துப் பாருங்கள். ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்காது.